வலியைச் சொல்லாத அணி: 13 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்தில் ஒரு சீசன்

பின்னணி

நான் பயிற்சி கொடுத்த 13 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஒன்றின் ஒரு சீசனை இங்கே பதிவு செய்கிறேன். துணைப் பயிற்சியாளர் முன்பு போட்டிகளில் ஆடியவர். பிள்ளைகளுக்கு அவர் அக்கா, நான் சார். குடும்பங்களிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். பிள்ளைகளை ஜெர்சி எண்ணால் மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

அணியில் 17 பேர், எல்லாரும் 11, 12 வயதுப் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் 75 நிமிடப் பயிற்சி, வார இறுதியில் ஒரு ஆட்டம். லீக்கில் ஒன்பது அணிகள். ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை மோத வேண்டும், ஆக 16 ஆட்டங்கள்.

முந்தைய ஆண்டு இதே பிள்ளைகள் ஒன்பது பேர் ஆடும் சிறிய மைதானத்தில் இரண்டாமிடம் பிடித்தவர்கள். இந்த ஆண்டு முதல் பதினொரு பேர் ஆட்டம், பாதிக்கு 35 நிமிடம். மைதானம் பெரிதானதைவிடக் கோல் பெரிதானதுதான் எங்களைத் திணறடித்தது. அதுவரை 4.88 மீட்டர் அகலமும் 2.13 மீட்டர் உயரமும் கொண்ட கோலைக் காத்த பிள்ளை, இப்போது 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட முழு அளவுக் கோலில் நின்றாள். அவள் உயரம் 146 செ.மீ. தலைக்கு மேலே வந்த பந்துகளில் பாதியை அவளால் தொடவே முடியவில்லை. அதற்காக யாரும் அவளைக் கடிந்துகொள்ளக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு நான் நேரத்தோடு செய்த சில சரியான காரியங்களில் அது ஒன்று.

முதல் ஐந்து ஆட்டங்கள்

0-4, 1-3, 1-1, 0-5, 2-3. ஐந்தில் நான்கு தோல்வி, ஒரு டிரா.

இரண்டாம் பாதியில் பிள்ளைகள் தளர்ந்துபோவதைப் பார்த்தேன். எதிரணி பந்தோடு ஓடினால் பின்னால் துரத்தக் கால் எழவில்லை. பெரிய மைதானத்துக்கு ஓட்டத் திறன் போதவில்லை என்று முடிவு கட்டினேன். மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியின் கடைசி 15 நிமிடத்தை வேக ஓட்டத்துக்கும் குதித்தல் பயிற்சிக்கும் ஒதுக்கினேன். வேகமாக வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, களைத்துப்போன நேரத்தில், குதிக்கும் சுமையைத் திடீரென்று கூட்டினேன். இந்தப் பதிவில் உள்ள தவறுகளில் பெரியது இதுதான்.

இரண்டாவது தவறு என் வாயிலிருந்து வந்தது. எட்டாம் எண் எங்கள் நடுக்கள ஆட்டக்காரி. பந்தை வாங்கித் திரும்பி முன்னே அனுப்பும் திறமை அவளுக்கு இயல்பாக இருந்தது. மூன்றாம் ஆட்டத்தின் இடைவேளையில் அணி முழுவதையும் உட்காரவைத்து, "பந்து கிடைச்சா யோசிக்காதீங்க, எட்டுக்குக் கொடுங்க. அவ இல்லாட்டி நாம இல்ல" என்றேன். ஊக்கம் கொடுப்பதாகத்தான் நினைத்தேன். ஐந்து ஆட்டங்களிலும் அவளை ஒரு நிமிடம்கூட வெளியே எடுக்கவில்லை: 350 நிமிடத்தில் 350.

முதலில் கண்ணில் பட்டது

நான்காம் ஆட்டம் முடிந்து அணியாகப் படம் எடுத்தோம். முன்வரிசை மண்டியிடும், பின்வரிசை நிற்கும். எட்டாம் எண் உயரம் குறைந்தவள், எப்போதும் முன்வரிசை. அன்று அவள் பின்வரிசைக்குப் போய், இரண்டு உயரமான பிள்ளைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. அக்காதான் வீட்டுக்குப் போன பிறகு படத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார்: "அவ மண்டி போடல, கவனிச்சீங்களா?"

அடுத்த பயிற்சியில் கவனித்தேன். படியில் இறங்கும்போது பக்கவாட்டாக இறங்கினாள். ஷூ லேஸ் கட்ட மண்டியிடாமல் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தாள். "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார்" என்றாள். சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருக்கும்போது கேட்டால் வேறென்ன பதில் வரும்? அந்த வாரமும் முழு ஆட்டம் ஆடவைத்தேன்.

ஆறாம் ஆட்டத்தில், இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்தில், கோலை நோக்கி ஓங்கி உதைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி ஒரு புடைப்பு. விரல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார். முன்தொடைத் தசை முழங்கால் சில்லின் வழியாக இறங்கி, முன்கால் எலும்பின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கிறது. வளரும் வயதில் அந்த ஒட்டுமிடம் இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதியாக இருக்கிறது. ஓடினாலும் குதித்தாலும் உதைத்தாலும் தசை அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் கட்டம் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி வருகிறது. இந்த வலியும் அதை ஒட்டியே வருகிறது. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலானோருக்குத் தானே அடங்கிவிடும். ஆனால் சுமையைக் குறைக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

அம்மாவும் அக்காவும் பக்கத்தில் இருக்க அவளிடம் பேசினேன். ஏழு வாரமாக வலி இருந்திருக்கிறது. பள்ளி அணிக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஆடியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உக்கார வெச்சிடுவீங்க. நான் இல்லாட்டி நாம இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

எடுத்த முடிவுகள்

அன்றிரவு அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். ஒரு பிள்ளை ஏழு வாரம் மறைத்திருக்கிறாள் என்றால், மற்ற 16 பேரும் என்னென்ன மறைக்கிறார்கள் என்பதுதான் எங்கள் முன் நின்ற கேள்வி.

பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாள் கொடுத்தோம். மூன்றே கேள்வி: எங்காவது இரண்டு வாரத்துக்கு மேல் வலிக்கிறதா? இந்த அணியைத் தவிர வாரத்தில் எத்தனை நாள் விளையாடுகிறாய்? அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா? மூன்றாவது கேள்வியின் பதிலைக் கிழித்துத் தனியே மடித்துத் தரலாம், அதை நான் பார்க்க மாட்டேன் என்று உறுதி சொன்னோம். பிள்ளைகளின் உடல்நலத் தகவலை வாங்கும்போது யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆறு பேருக்கு வலி: மூவருக்குக் குதிகால், இருவருக்கு முழங்கால், ஒருத்திக்கு இடுப்பு. நான்கு பேர் வேறு அணியிலும் ஆடினார்கள். மூன்றாவது கேள்விக்கு வந்தவற்றில், யார் எழுதியது என்று சொல்லாமல் அக்கா எனக்குத் தெரிவித்தது ஒன்றுதான்: மாதவிடாய் நாட்களில் ஆட்டத்துக்கு வரவே தயங்குகிறார்கள், எங்கள் ஷார்ட்ஸ் வெள்ளை நிறம். சில பிள்ளைகள் "காய்ச்சல்" என்று வராமல் இருந்ததற்கு அக்கறை இல்லாததே காரணம் என்று நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஷார்ட்ஸை அடர்நீலமாக மாற்ற லீக்குக்கு எழுதினோம். இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. 2023 உலகக் கோப்பைக்கு முன் இங்கிலாந்து பெண்கள் அணியே இதே காரணத்துக்காக வெள்ளை ஷார்ட்ஸிலிருந்து நீலத்துக்கு மாறியது. பல ஆண்டுகளாகப் பெரிய வீராங்கனைகளுக்கே உறுத்திய விஷயம் 12 வயதுப் பிள்ளைக்கு உறுத்தாமல் இருக்குமா?

வேக ஓட்டத்தையும் குதித்தலையும் அடியோடு நிறுத்தினோம். அந்த நேரத்தில் நாலுக்கு நாலு பேர் சின்ன ஆட்டம். பந்தோடு ஓடும்போது மூச்சும் வாங்கும், முடிவெடுக்கவும் பழகும். பயிற்சியின் தொடக்கத்தில் ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பைக் கொண்டுவந்தோம்: மெதுவான ஓட்டம், பிறகு பிளாங்க், ஒற்றைக்காலில் நிற்றல், ஸ்குவாட் போன்ற வலுப் பயிற்சிகள், கடைசியில் கொஞ்சம் வேகமான ஓட்டம், மொத்தம் 20 நிமிடம். ஆஸ்குட்-ஷ்லாட்டர் உள்ளவர்களுக்கு அதில் குதிக்கும் பகுதியை விட்டுவிட்டோம்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பருவமடைந்த பிறகு, முழங்காலுக்குள் உள்ள ஏ.சி.எல். தசைநார் கிழியும் அபாயம் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். குதித்து இறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்கால் உள்பக்கமாகச் சாய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைத் திருத்தவே இந்தப் பயிற்சி கற்றுக்கொடுக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்களை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. திரும்பத் திரும்ப ஒரே சுமை விழுவதால் வரும் காயங்கள் பாதியளவு குறைந்தன.

இனி எல்லாருக்கும் குறைந்தது பாதி ஆட்டம் என்பது அடுத்த முடிவு. "எட்டுக்குக் கொடுங்க" என்ற சொல்லை நானே அணியின் முன் திரும்பப் பெற்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

எட்டாம் எண்ணின் அப்பா அடுத்த ஆட்டத்தன்று என்னிடம் வந்தார். "ஒரு மாத்திரை போட்டுட்டு ஆடட்டுமே சார். அவ இங்க உக்காந்து அழறதப் பாக்க முடியல." மகள்மேல் உள்ள பாசத்தில் கேட்டார், கோபப்பட ஒன்றுமில்லை. எந்த அளவு ஓடலாம் என்று காட்டும் ஒரே அளவுகோல் இப்போது அவளுடைய வலிதான், மாத்திரை அதை மறைத்துவிடும் என்று சொன்னேன். அவர் முழுமனதோடு ஏற்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் தானே போய் ஒருமுறை பேசினார். அதன் பிறகு கேட்கவில்லை.

நான் தவறாகப் புரிந்துகொண்டது

மூன்று வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தோம். வலி இருப்பதாக எழுதியவர்கள் ஆறிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தார்கள். வார்ம்-அப் வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன்.

அக்கா நம்பவில்லை. "குதிகால் வலி மூணு வாரத்துல மூணு பேருக்கும் ஒரே நேரத்துல போயிடுமா?"

நடந்தது இதுதான். முதல் தாளில் குதிகால் வலி என்று எழுதியவர்களில் பதினைந்தாம் எண்ணும் ஒருத்தி. எட்டாம் எண் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்ட பயத்தில், அவளை அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் முழுக்க உட்காரவைத்தேன். பயிற்சியிலும் ஓரமாக நிற்கச் சொன்னேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. வளரும் வயதில் வரும் குதிகால் வலிக்குச் சுமையைக் குறைத்து ஆடவிடுவதே வழக்கம். ஓய்வு கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதற்குத் தண்டனை கிடைத்ததாக அவள் எடுத்துக்கொண்டாள், அதையே மற்றவர்களிடமும் சொன்னாள். பாதி ஆட்டம் என்ற வாக்குறுதியும் அவளைப் பொறுத்தவரை பொய்யானது. எட்டாம் எண் ஏழு வாரம் எதற்குப் பயந்து மறைத்தாளோ அதை என் கையாலேயே நிரூபித்துவிட்டேன்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு பதினைந்தாம் எண் வரவில்லை.

அதன்பின் முறையை மாற்றினோம். வலி என்று சொல்லும் பிள்ளை அன்று பயிற்சிக்குள்ளேயே இருப்பாள், செய்யும் வேலை மட்டும் மாறும்: ஓட்டத்துக்குப் பதில் நின்றபடி பாஸ், உதைப்பதற்குப் பதில் கையால் த்ரோ-இன், சின்ன ஆட்டத்தில் எல்லைக்கோட்டில் நின்று பந்து வாங்கிக் கொடுப்பது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அவளே மதிப்பிடுவாள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். மேலே போனால் அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டும். இந்த அளவு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது. இந்த முறையை முதலில் எட்டாம் எண்ணை வைத்தே எல்லார் முன்னாலும் செய்து காட்டினோம். அவள் எல்லைக்கோட்டில் நின்று பந்து வாங்கிக் கொடுப்பதை மற்றவர்கள் பார்த்தார்கள். மூன்றாவது முறை தாள் கொடுத்தபோது ஐந்து பேர் வலி என்று எழுதினார்கள். அந்த ஐந்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சீசனின் மீதி

எட்டாம் எண் இல்லாத முதல் ஆட்டம் தோல்வி. அடுத்தது 0-0. அந்த ஆட்டத்தில்தான் எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் பந்தை அவசரமாகத் தூக்கி அடிக்காமல் தங்களுக்குள் பாஸ் செய்து வெளியே கொண்டுவந்தார்கள். கொடுக்க எட்டு இல்லாததால் பக்கத்தில் இருப்பவளைத் தேடினார்கள். ஒன்பதாம் ஆட்டத்தில் முதல் வெற்றி, 1-0. த்ரோ-இன்னிலிருந்து வந்த பந்தைக் கோலாக்கியவள் பதினான்காம் எண். முதல் ஐந்து ஆட்டங்களில் நான் அவளுக்குக் கொடுத்தது மொத்தமே 40 நிமிடம்.

எட்டாம் எண் பதினோராம் ஆட்டத்தில் கடைசி 20 நிமிடம் ஆடினாள். பள்ளி அணியின் ஆசிரியரோடு பேசி, இரண்டு அணிக்கும் சேர்த்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு சீசன் தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டியது.

பதின்மூன்றாம் ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2-2, எட்டு நிமிடம் மிச்சம், பந்து எங்கள் பக்கம். எட்டாம் எண் கையைத் தூக்கினாள். அருகில் போனதும், "அஞ்சு சார்" என்றாள். வெளியே எடுத்தேன். இரண்டு நிமிடம் கழித்து ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கோல்கீப்பர் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த சீசனில் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால் அந்தப் பிள்ளை கை தூக்கியதைத்தான் சொல்வேன். அது அவளுடைய முடிவு.

இறுதிக் கணக்கு: நான்கு வெற்றி, நான்கு டிரா, எட்டுத் தோல்வி. ஒன்பது அணிகளில் ஏழாமிடம். ஆறாம் ஆட்டத்துக்குப் பிறகு புதிதாக யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் 17 பேர் கொண்ட ஓர் அணியின் பத்து வாரத்தை வைத்து, அது எங்கள் வார்ம்-அப்பால்தான் என்று சொல்ல முடியாது. அடர்நீல ஷார்ட்ஸ் வந்த பிறகு ஆட்டத்தன்று "காய்ச்சல்" என்று நின்றவர்கள் ஒருவரோ இருவரோதான்.

அடுத்த முறை மாற்றுவது

கேள்வித் தாளை முதல் பயிற்சிக்கு முன்பே கொடுப்பேன். வேறு அணி, வேறு விளையாட்டு, வார அட்டவணை எல்லாம் தெரிந்த பிறகே எங்கள் பயிற்சியைத் திட்டமிடுவேன். மாதம் ஒருமுறை உயரம் அளப்போம், பெற்றோர் வீட்டிலேயே அளந்து அனுப்பினால் போதும். உயரம் வேகமாக ஏறும் மாதத்தில் அந்தப் பிள்ளைக்குக் குதிப்பதையும் உதைப்பதையும் குறைக்க வேண்டும். எடை கேட்க மாட்டோம். இந்த வயதுப் பெண் பிள்ளைகளிடம் எடையை எழுதி வாங்குவது நல்லதைவிடக் கெடுதலையே செய்யும் என்று நானும் அக்காவும் நினைக்கிறோம்.

வார்ம்-அப்பிலும் ஒரு திருத்தம். ஃபிஃபா 11+ 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக அமைந்தது. 7 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கென்றே 11+ கிட்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சரியாக விழக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியும் அதில் உண்டு. சீசன் முடிந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதைத்தான் செய்யப்போகிறோம்.

யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற கணக்கை அக்கா எழுதுவார். இடைவேளையில் என்னிடம் காட்டுவார். என் ஞாபகத்தை நம்பி விட்டால் திறமையான பிள்ளையே எழுபது நிமிடமும் நிற்பாள்.

பதினைந்தாம் எண்ணின் அம்மாவை சீசன் முடிந்ததும் அழைத்தேன். பிள்ளை இப்போது நீச்சலுக்குப் போகிறாள், குதிகால் சரியாகிவிட்டது என்றார். அவளிடம் பேசலாமா என்று கேட்டேன், ஃபோனைக் கொடுத்தார். வலி இருக்கிறது என்று நீ உண்மையைச் சொன்னாய், அதற்கு நான் உன்னை உட்காரவைத்தது தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த ரெண்டு மேட்சுலயும் ஒரு பத்து நிமிஷமாவது விட்டிருக்கலாம் சார்" என்றாள். ஆமாம், விட்டிருக்கலாம் என்றேன்.